ஓர மண்ணில் பம்பின் தடம்

போன வருடம் ஆவணி மாதம், ஒரு பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை. திருவண்ணாமலையை விட்டுக் கிளம்பி, கீழ்பென்னாத்தூர் வழியாகச் செஞ்சிப் பக்கம் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஓர் ஊரில் சில மாதம் வேலை செய்வேன். ஒரு நாள் காலையில் போதும் என்று தோன்றும், கிளம்பிவிடுவேன். திருவண்ணாமலையில் செங்கம் சாலையில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவினேன். மதியத்தில் வாடகை அறைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பேன். சைக்கிள் ஒன்றுதான் சொத்து. துணி, போர்வை, அடுப்பு எல்லாம் அதன் கேரியரில்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் காற்றடிக்கும் பம்பு ஒன்று வாங்கப் போனேன். இந்தப் பக்கம் சாலை ஓரங்களில் கருவேல முள் அதிகம். பஞ்சர் ஒட்டும் சாமான் என்னிடம் இருந்தது. ஒட்டிய பிறகு காற்றுக்கு எங்கே போவது? ஊருக்குள் பழைய சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய் மூன்று விதம் எடுத்து வைத்தார். ஒன்று பேட்டரியில் ஓடுவது, மொபைல் அளவுதான் இருந்தது.

“இதை எடுத்துக்கோ தம்பி. பட்டனை அமுக்கினா அதுவே அடிச்சிடும்.”

“சார்ஜ் எங்க போடறது பாய்?”

“ஊரெல்லாம் கரண்ட் இருக்குதே.”

“நான் படுக்கற எடத்துல இருக்காது பாய்.”

அவர் சிரித்துவிட்டு இரண்டாவதைக் காட்டினார். பேனா போல மெலிசாக, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குக் குழாய் இல்லை, நேராக வால்வின் மேல் செருகி அடிக்க வேண்டும். ஓசூர் சாலையில் ஒருவர் அப்படி அடிக்கும்போது கை ஆடி வால்வே ஒடிந்ததை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது கனமானது, அழகும் இல்லை. ஆனால் ரப்பர் குழாய் இருந்தது. கீழே காலால் மிதித்துப் பிடித்துக்கொள்ள ஒரு மடக்குக் கம்பி. முனையில் சைக்கிள் வால்வுக்கு ஒரு மூக்கு, மோட்டார் வண்டி வால்வுக்கு ஒரு மூக்கு.

“இது ஜாஸ்தி வெயிட்டு. உனக்கு எதுக்கு மோட்டார் மூக்கு? புல்லட் வாங்கப் போறியா?” என்றார் பாய்.

குழாய்க்காகத்தான் அதை வாங்கினேன். இன்னொரு மூக்கை நான் எண்ணியே பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கீழ்பென்னாத்தூருக்குக் கொஞ்சம் முன்னால், இருபக்கமும் நிலக்கடலைக் கொல்லை. சாலை ஓரத்தில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஒரு பெண் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். எந்த வண்டியும் நிற்கவில்லை. கிரிவலத்துக்குப் போகிற கூட்டம், பேருந்தில் படிக்கட்டு வரை ஆள். பைக்கில் போனவர்களும் குடும்பத்தோடு போனார்கள். பின் சக்கரத்தில் ஒரு இரும்புத் துண்டு ஏறி, ஸ்ஸ் என்று காற்று போய்க்கொண்டிருந்தது. கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா சாலைக்கு ஏறி வந்து, களைக்கொத்தை வைத்து அந்த இரும்பை நெம்பப் பார்த்தார்.

“ஐயோ, புடுங்கிடாதீங்கம்மா. டியூப்லெஸ்ஸு. அதுதான் அடைச்சிக்கினு இருக்குது,” என்று அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என்னம்மா விஷயம் என்று கேட்டேன். நான் விட்டு வந்த திருவண்ணாமலையை ஒட்டின வேங்கிக்கால் பக்கம் ஒரு பள்ளியில் அரசு வேலைக்குத் தேர்வு. நேரம் ஆனதும் கேட்டைச் சாத்திவிடுவார்கள், அதற்குப் பிறகு யாரையும் விடமாட்டார்கள்.

“வயசு வரம்பு முடியுதுண்ணா. இதுதான் கடைசி தடவ,” என்றாள். அழவில்லை, ஹால் டிக்கெட்டை நீட்டி, கேட் சாத்தும் நேரத்தை விரலால் காட்டினாள்.

பம்பை எடுத்தேன். மோட்டார் மூக்கு பொருந்தியது. தோள் வலிக்கும் வரை அடித்ததும் டயர் எழுந்து நின்றது. காற்று மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும், வழியில் நிறுத்தி நிறுத்தி அடித்துக்கொண்டு போனால் எட்டிவிடலாம் என்று தோன்றியது.

“நானும் பின்னாடி உக்காந்து வரேன், அடிச்சிக் குடுக்கறேன்,” என்றேன்.

களை எடுக்கும் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “நல்லா சொன்ன போ. நீ ஏறி உக்காந்தியினா இருக்கற காத்தும் போயிடும்.”

அது சரிதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் கம்பியை எப்படி மிதிப்பது, மூக்கை எப்படிப் பூட்டுவது என்று காட்டினேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். பம்பைக் கால் வைக்கிற இடத்தில் போட்டுக்கொண்டு பறந்துவிட்டாள். பேர், ஊர், போன் நம்பர் எதையும் அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் செஞ்சிப் பக்கமே மிதித்தேன். வாங்கி ஒரு வாரம் ஆகாத பம்பு போயிற்று, போகட்டும் என்று நினைத்தேன். இழந்து பழகியவன் நான். ஆனால் கீழ்பென்னாத்தூர் தாண்டியும் மனம் அந்த டயரிலேயே இருந்தது. எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாளோ, மூக்கைச் சரியாகப் பூட்டினாளோ என்று. கிளம்பிய ஊருக்கு அதே நாளில் நான் திரும்பியதே இல்லை. அன்றைக்குத் திரும்பினேன்.

முந்தின நாள் மழையில் சாலை ஓர மண் ஈரமாக இருந்தது. அவள் நின்றிருந்த இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முதல் தடம் தெரிந்தது. பம்பின் மடக்குக் கம்பி மண்ணில் அழுந்திய வளைவு, பக்கத்தில் ஸ்கூட்டி ஸ்டாண்டின் குழி, செருப்புத் தேய்ந்த அடையாளம். சரி, இதுவரை வந்திருக்கிறாள். அடுத்த தடம் வெகு தூரம் தள்ளி இருந்தது. நிம்மதியாக இருந்தது. அதற்கடுத்தது சீக்கிரமே வந்துவிட்டது. அதற்கடுத்தது இன்னும் பக்கத்தில். ஓட்டை பெரிதாகிவிட்டது என்று புரிந்தது. அங்கே மண் கன்னாபின்னாவென்று மிதிபட்டிருந்தது, நின்று வெகு நேரம் அடித்திருக்க வேண்டும். பிறகு ஊருக்குள் தார்ச்சாலைதான். தடமே இல்லை. வேகமாக மிதித்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது.

வேங்கிக்காலில் விசாரித்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளியின் கேட் சாத்தியிருந்தது. வெளியே சுவர் ஓரம் ஸ்கூட்டி, பின் டயர் சப்பையாக. அவளைக் காணோம். கேட் அருகில் ஒரு பெண் போலீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் சைக்கிளையும் மூட்டையையும் பார்த்தவர், நான் வாய் திறக்கும் முன்பே காலடியிலிருந்து பம்பை எடுத்து நீட்டினார்.

“சைக்கிள்காரர் நீங்கதானா? கடைசி ஆளா ஓடியாந்துச்சு அந்தப் பொண்ணு. ஹால் டிக்கெட்டக் காட்டுன்னா பம்பை நீட்டுது.”

“உள்ள போயிட்டாளாம்மா?”

“அதுக்கப்புறந்தான் கேட்டு சாத்துனாங்க. பின்னாடியே சைக்கிள்ல ஒரு அண்ணன் வருவாரு, குடுத்துடுங்கன்னுச்சு. வரேன்னு சொன்னாரான்னு கேட்டேன். சொல்லல, ஆனா வருவாருன்னுட்டு ஓடிடுச்சு.”

எதிரே இருந்த புங்க மரத்தடியில் உட்கார்ந்தேன். இவ்வளவு இலேசாக மூச்சு விட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வு முடிந்து வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “பம்பு கெடைச்சுதாண்ணா?”

“கெடைச்சுது. எப்படி எழுதின?”

“தெரியலண்ணா. ஆனா எழுதிட்டேன்.” உள்ளங்கையைக் காட்டினாள். இரண்டு கொப்புளம். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சர் கடை வரை போகிற அளவுக்கு மறுபடியும் காற்றடித்துக் கொடுத்தேன். அவள் போனாள், நான் மறுநாள் செஞ்சிக்குக் கிளம்பினேன். வேலை கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பம்பு இன்னும் என் கேரியரில்தான் இருக்கிறது. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நான் திரும்பி வருவேன் என்று நம்பியதில்லை. வருகிறேன் என்று நான் சொல்லாமலேயே ஒருத்தி அதை நம்பினாள். அதனால்தான் இப்போதெல்லாம் எந்த ஊரை விட்டுக் கிளம்பினாலும், யாராவது எனக்காகக் காத்திருப்பார்களோ என்று ஒருமுறை நின்று யோசித்துவிட்டுத்தான் மிதிக்கிறேன்.