லிப்ட்டுக்கு வெளியே நின்றவர்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவர் தன் வாயால் மற்றவர்களைப் பிழைக்க வைத்தவர். லிப்ட் பழுதுபார்க்கிற வேலை. இருபத்தாறு வருட அனுபவம். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ரேடியோ. காலையில் திருகிவிட்டால் படுக்கிறவரை ஓடிக்கொண்டே இருப்பார். பெற்ற மகளே போனில் கூப்பிட்டால் "ரேடியோ இருக்காரா?" என்றுதான் கேட்பாள்.

லிப்ட் நடுவழியில் நின்றுவிட்டது என்று தகவல் வந்தால் இரண்டு பேர் போவார்கள். ஒருவர் உச்சியில் இருக்கிற மோட்டார் அறைக்கு ஏறி, பிரேக்கைத் தளர்த்தி, கையால் சக்கரத்தைச் சுற்றி, பெட்டியை அங்குலம் அங்குலமாக ஏதாவது ஒரு தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். மற்றவர் மூடிய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும். சக்கரம் சுற்றுவது நெட்டையனின் வேலை. பத்து வருடமாக அவருடைய ஜோடி அவன்தான். பேசுவது ரேடியோவின் வேலை. "பயப்படாதீங்க, கயிறு அறாது. என் மாமியாரே இதுல நாலு தடவை போயிட்டு வந்திருக்காங்க" என்று தொடங்குவார். அழுதுகொண்டு உள்ளே இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே வருவதை நெட்டையன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில், பேச்சு வரவில்லை.

உள்ளே மாட்டியிருந்தது ஓர் இளம்பெண். பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். "சார், இருக்கீங்களா? ஏதாவது பேசிட்டே இருங்க சார், பயமா இருக்கு" என்றாள். ரேடியோ வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. உள்ளங்கை வியர்த்து, கையிலிருந்த கதவுச் சாவி தரையில் விழுந்தது. "சார்? சார்?" என்று அவள் கதவைத் தட்டத் தட்ட, அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். கீழே சத்தம் இல்லாததைக் கவனித்து நெட்டையன்தான் சக்கரத்தை வேகமாகச் சுற்றி, ஓடிவந்து கதவைத் திறந்தான். வெளியே வந்த பெண், தன் பயத்தை மறந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

மாரடைப்பு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மருத்துவமனையில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். மருத்துவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "உங்க இதயத்துக்கு ஒண்ணுமில்ல, கல்லு மாதிரி இருக்கு. இது பதற்றம். மனசுல எதையோ தூக்கிச் சுமக்கறீங்க. இவங்களப் போய்ப் பாருங்க" என்று ஒரு சீட்டில் பெயரும் எண்ணும் எழுதிக் கொடுத்தார்.

வேனில் திரும்பும்போது சீட்டைப் பார்த்த நெட்டையன் கேட்டான். "யாருண்ணே இது?"

"யாரோ கவுன்சிலராம்."

"அப்படியே நம்ம தெருவுல விளக்கு எரியலன்னு ஒரு மனு குடுத்துட்டு வாங்க."

ரேடியோ சிரிக்கவில்லை. அதுதான் நெட்டையனுக்குப் பயமாக இருந்தது.

மூன்று வாரம் அந்தச் சீட்டு அவர் சட்டைப்பையில் கிடந்து, சட்டையோடு ஒருமுறை துவைபட்டும் காய்ந்தது. எனக்கென்ன பைத்தியமா என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். ஆனால் தூக்கம் போய்விட்டது. சாப்பாடு தொண்டையில் இறங்க மறுத்தது. லிப்ட்காரர், நான்கு மாடியானாலும் படிக்கட்டில் ஏறத் தொடங்கினார். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் அவர் மனைவி, வீட்டில் திடீரென்று விழுந்த அமைதியைத் தாங்க முடியாமல் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

கடைசியில் அவரே போன் செய்து நேரம் வாங்கினார். மனைவியிடம், "ஒரு கட்டடத்துல லிப்ட் வேலை, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொஞ்சம் லேட்டாகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது அந்த அறை. சற்றுச் சாய்வாகப் போட்ட இரண்டு நாற்காலிகள், ஒரு ஜன்னல், ஒரு கடிகாரம். ஆலோசகர் நாற்பது வயதுப் பெண்மணி. படுக்க வைத்து ஆராய்ச்சி செய்வார்கள் என்று பயந்து போனவருக்கு, அவர் கேட்டது வெறும் "எப்படி வந்தீங்க, பஸ்ஸா?" என்பதுதான். இங்கே பேசுவது இங்கேயே இருக்கும், யாருக்கும் போகாது என்றும் சொன்னார்.

பழைய சுருதி திரும்பிவிட்டது ரேடியோவுக்கு. முழுதாக ஐம்பது நிமிடம் ஜோக் சொன்னார். ஆலோசகரும் சிரித்தார். கிளம்பும்போது, "அந்தப் பொண்ணு உங்களைப் பேசச் சொன்னாங்களே, அந்த நேரத்துல மனசுல என்ன வந்துச்சு?" என்று கேட்டார். ரேடியோ கடிகாரத்தைப் பார்த்து, "மணியாயிடுச்சும்மா" என்றார்.

அடுத்த வாரம் அதே கேள்வியைத் தவிர்க்க, அறைக் கதவு 'டமார்' என்று சாத்திக்கொள்வதைச் சாக்காக வைத்து, பையிலிருந்து திருப்புளியை எடுத்து அதைச் சரிசெய்வதிலேயே பாதி நேரத்தைக் கழித்தார். ஆலோசகர் தடுக்கவில்லை. திருகாணியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். "ஒரு பொருள் எங்க பழுதாயிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். "சத்தத்தைக் கேட்டாலே தெரிஞ்சுடும்" என்றார் ரேடியோ பெருமையாக.

மூன்றாவது முறை அது நடந்தது. மாமியார் ஜோக்கை எடுத்துவிட்டார். ஆலோசகர் சிரிக்கவில்லை. அவர் வேண்டுமென்றே சிரிக்காமல் இருக்கவில்லை, ரேடியோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அறையில் சத்தமே இல்லை.

"ஏன் சிரிக்கல?" என்றார் ரேடியோ.

ஆலோசகர் பதில் சொல்வதற்குள், "ஏம்மா சிரிக்கல? இருக்கீங்களா?" என்று மறுபடி கேட்டார். குரல் உயர்ந்துவிட்டது. எதிரே ஒரு கை தூரத்தில் இருக்கிறவரிடம் "இருக்கீங்களா" என்று கேட்டது அவருக்கே விளங்கியது. அப்படியே முகத்தை மூடிக்கொண்டார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்ததை அவர் அன்றுதான் வாய்விட்டுச் சொன்னார். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், பேப்பர் வாங்கக் கீழே இறங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் லிப்ட்டில் மாட்டிக்கொண்டார். பெட்டி கீழே விழாமல் தடுக்கும் பாதுகாப்புப் பிடி, பக்கவாட்டுத் தண்டவாளத்தைக் கவ்விவிட்டதால் சக்கரம் அசையவில்லை. விடுவிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. வெளியே நின்று ரேடியோ ஜோக் சொன்னார். முதல் ஜோக்குக்கு ஆசிரியர் சிரித்தார். இரண்டாவதற்கும் சிரித்தார். மூன்றாவதற்குச் சிரிப்புச் சத்தம் வரவில்லை. ஜோக் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அதைவிட நல்லதாக இன்னொன்று சொன்னார். அப்புறம் இன்னொன்று. கதவைத் திறந்தபோது ஆசிரியர் மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உயிர் போய்விட்டிருந்தது.

விசாரணையில் யார் மேலும் தப்பில்லை என்று முடிந்தது. பழைய இதய நோய், எந்த நேரமும் நடந்திருக்கலாம் என்றார்கள். நெட்டையனிடம்கூட அவர் அந்த ஐந்து ஜோக்கைப் பற்றிச் சொல்லவில்லை. மறுநாளே வேலைக்குப் போனார். முன்னைவிட அதிகமாகப் பேசினார்.

"செத்துப்போன மனுஷனுக்கு மாமியார் ஜோக் சொல்லிட்டு இருந்திருக்கேன்மா" என்றார். சொல்லிவிட்டு அழுதார். ஆலோசகர் 'அழாதீங்க' என்றும் சொல்லவில்லை, 'உங்க தப்பில்ல' என்றும் சொல்லவில்லை. அழுகை ஓய்ந்த பிறகு, "மூணு வருஷம் இதைத் தனியா வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார். அன்று ரேடியோ வீட்டுக்குப் போய், எட்டு மணிக்கே படுத்து, விடிகிறவரை தூங்கினார்.

இதற்கிடையே வீட்டில் வேறு கூத்து. செவ்வாய்க்கிழமை தவறாமல் போகிறார், சட்டை மாற்றிக்கொண்டு போகிறார், கண் சிவந்து திரும்புகிறார். எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது? நெட்டையனைக் கேட்டாள். அவன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாதவன், "கண்ணாடிக் கடைக்கு மேல, அண்ணி... லிப்ட்..." என்று உளறி போனை வைத்துவிட்டான். ஆறாவது செவ்வாய்க்கிழமை ரேடியோ படியிறங்கி வந்தபோது, கடை வாசலில் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

"மேல ஒரே ஒரு மாடி. இந்தக் கட்டடத்துல லிப்ட்டே இல்ல. ஆறு வாரமா எந்த லிப்ட்டைங்க ரிப்பேர் பண்றீங்க?"

ரேடியோ மாடியைக் கையால் காட்டினார். "கவுன்சிலரைப் பாக்க வந்தேன்."

"எதுக்கு? நம்ம வீட்லதான் தண்ணி ஒழுங்கா வருதே!"

"அந்தக் கவுன்சிலர் இல்ல. மனசுக்கு."

அவள் மாடியில் இருந்த பெயர்ப் பலகையை அண்ணாந்து படித்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கோபம் வந்த வழியே போய்விட்டது. அதன் இடத்தில் இன்னொரு கோபம் வந்தது.

"எங்கிட்டச் சொல்ல முடியாதது என்னங்க? இருபத்தி நாலு வருஷமா ஒரே வீட்லதானே இருக்கோம்?"

"சொன்னா நீ என்னை வேற மாதிரி பாப்பியோன்னு..."

"இப்ப மட்டும் எப்படிப் பாத்தேன்னு நினைச்சீங்க? எவளோ ஒருத்தின்னு நினைச்சுக்கிட்டு ஆறு வாரமா நான் சரியா சாப்பிடல."

இரண்டு பேரும் பஸ்ஸில் ஏறவில்லை. நடந்தார்கள். பாதி வழியில் ஒரு பஸ் நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்து அவர் அந்த ஆசிரியரைப் பற்றிச் சொன்னார். அவர் முடித்ததும், "அவரு ரெண்டு தடவை சிரிச்சார்னு சொன்னீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மேலாளரிடம் போய், மூன்று மாதம் தன்னை மீட்பு வேலைக்கு அனுப்ப வேண்டாம், எண்ணெய் போடுவதும் பரிசோதிப்பதும் போதும் என்று கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனார். "முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்றார் மேலாளர். ஆசிரியரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கட்டுமா என்று ஆலோசகரிடம் கேட்டபோது, "அதனால அவங்களுக்கு ஆறுதலா, இல்ல உங்களுக்கு மட்டுமா? அவசரம் இல்ல, யோசிங்க" என்றார். ரேடியோ யோசித்தார். இன்றுவரை போகவில்லை. ஆனால் மூன்று வருடமாக வேறு ஆட்கள் தலையில் கட்டிவந்த அந்தக் குடியிருப்பின் பராமரிப்பு முறை வந்தபோது, தானே போனார். லிப்ட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். மூச்சு முட்டியது. ஆலோசகர் பழக்கியபடி, காலடியில் தரை இருப்பதை உணர்ந்து, மெல்ல மூச்சை விட்டு, எண்ணிக்கொண்டே உள்ளே ஏறினார். வேலையை முடித்துவிட்டு வந்தார்.

மீட்பு வேலைக்குத் திரும்பியபோது முதல் அழைப்பு ஒரு தபால்காரர். இந்த முறை ரேடியோ ஜோக் சொல்லவில்லை. உட்கார முடிகிறதா, உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். பதில் வரும்வரை காத்திருந்தார். பத்து நிமிடத்தில் கதவு திறந்தது.

ஒரு திங்கட்கிழமை, உதிரிபாக அறையில் எல்லாரும் கூடியிருந்தபோது, மேலாளர் அவரைப் பேசச் சொன்னார். ரேடியோ நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னார்.

"உங்களுக்கா அண்ணே பேச ஆள் இல்ல?" என்று ஒருவன் கேட்க, அறையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

"பேச ஊரே இருந்துச்சுடா. சொல்ல முடியாத ஒண்ணும் இருந்துச்சு. அதுக்குத்தான் போனேன்."

"என்ன மாத்திரை குடுத்தாங்க?"

"எனக்கு மாத்திரை தேவைப்படல. தேவைப்பட்டா டாக்டரே தருவாரு. வெக்கப்பட்டுக்கிட்டு மூணு வருஷம் காத்திருக்காதீங்க, அதான் விஷயம்."

இப்போது அவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் அந்த அறைக்குப் போகிறார். மற்ற செவ்வாய்க்கிழமைகளில் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் போய் நின்று, மனைவியோடு வீடுவரை நடக்கிறார். வழியெல்லாம் அவள்தான் பேசுகிறாள். தலைமையாசிரியைக்கும் அவளுக்கும் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தையே இல்லை, எல்லாம் துண்டுச்சீட்டில்தான் நடக்கிறது என்பதே அவருக்குப் போன மாதம்தான் தெரிந்தது.