ஸ்டெல்லாவின் மூன்றாவது கட்டம்

செய்தி வந்தபோது நான் ஆய்வுக்கூடத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவின் கணவர் அந்தோணி, "போயிட்டாம்மா, சாந்தி" என்று மட்டும் சொன்னார். கையுறையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தோடு பயமும் சேர்ந்து அழவைத்தது. ஏன் பயம் என்று அவளை அறிந்த உங்களிடம் சொல்லிவிடத்தான் எழுதுகிறேன்.

பதினோரு வருடம் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேஜை. விவேக் நகரிலிருந்து அவள் வருவாள், ஈஜிபுராவிலிருந்து நான். மங்களூரிலிருந்து வரும் கடல்மீனின் சதைக்குள் நூல்போலச் சுருண்டிருக்கும் புழுக்களைத் தாவர எண்ணெய்களால் கொல்ல முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் கடைசி வேலை. அல்சூர் ஏரிப் பக்கம் மீனைச் சமைக்காமல் பச்சையாகவே பரிமாறும் ஓர் உணவகம் கேட்டிருந்தது. கடுங்குளிரில் பல நாள் உறையவைத்தால் புழு செத்துவிடும், ஆனால் ருசி போய்விடுகிறதாம். கிராம்பு, துளசி என்று பார்த்து ஓம எண்ணெய்க்கு வந்தோம். "எம் புள்ளைங்க வயித்துவலிக்கு ஓமத்தண்ணிதான் குடுத்தேன். இது கைவிடாதுடி" என்பாள்.

முதல் சோதனையில் புழுக்கள் அசையாமல் கிடந்ததும், "எல்லாம் செத்துப்போச்சு!" என்று கத்தினேன். அவள் எழுந்துகூட வரவில்லை.

"சும்னே கூவாதே. எண்ணெயக் கழுவிட்டு வெதுவெதுப்பான உப்புத்தண்ணில போடு. நாளைக்கு ஊசியால தொட்டுப் பாரு."

மறுநாள் தொட்டேன். பாதி நெளிந்தது. அவளுக்கு ஒரே சிரிப்பு. "நடிக்குதுங்கடி! மேனேஜரப் பாத்ததும் நீ வேலை செய்யற மாதிரி."

அன்றிலிருந்து அவள் நோட்டில் மூன்று கட்டங்கள்: ஆடுது, நடிக்குது, செத்துச்சு. கம்பெனிப் படிவத்திலோ உயிருள்ளவை, இறந்தவை என்று இரண்டுதான். நடிப்பவற்றை இறந்தவையில் சேர்த்து அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னார் மேனேஜர். "தின்னவன் வயித்துல எழுந்துக்கினா யார் சார் அட்ஜஸ்ட் பண்றது?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

பிறகு அவள் ஆஸ்பத்திரியில் படுத்தாள். மேனேஜர் என் தலைமேல் வந்து நின்றார். எனக்கு அவளுடைய தைரியம் இல்லை. நடிப்பவை எல்லாவற்றையும் இறந்தவை கட்டத்தில் போட்டேன். ரிப்போர்ட்டில் அவள் பெயரை மேலே எழுதி, என் பெயரைக் கீழே எழுதினேன். அவள் பெயர் இருந்தால்தான் உணவகக்காரர் நம்புவார் என்றார் மேனேஜர்.

பார்க்கப் போனபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

"எத்தினி செத்துச்சு?"

"எல்லாமே" என்றேன்.

"அப்பாடா" என்று கண்ணை மூடிக்கொண்டாள். "ஓமம் மானத்தக் காப்பாத்திடுச்சு." வேறு யார் சொல்லியிருந்தாலும் நோட்டைக் கொண்டுவரச் சொல்லியிருப்பாள். நான்காம் நாள் போய்விட்டாள்.

அந்த ரிப்போர்ட்டை நம்பி உணவகம் இப்போது மீனை உறையவைப்பதில்லை. அது பொய் என்று நேரில் போய்ச் சொன்னேன். "ரிப்போர்ட் உங்களோடதுதானே மேடம்?" என்று சிரித்தார் உரிமையாளர். "அந்தம்மாவே போயிட்டாங்க, விடுங்க" என்கிறார் மேனேஜர். மதியச் சாப்பாட்டு நேரம் வந்தாலே அந்த உணவகம்தான் நினைவுக்கு வருகிறது. எந்த மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, பக்கத்தில் அவர்கள் பிள்ளைகளும் இருக்கிறார்களோ? இனி எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை.

அதனால் அவள் நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து உங்கள் எல்லோருக்கும் அனுப்புகிறேன். மேலதிகாரிகளுக்கும் அனுப்பிவிட்டேன். வேலை போனால் போகட்டும். அந்த ரிப்போர்ட்டில் உள்ள பொய் என்னுடையது, ஸ்டெல்லாவுக்கு அதில் பங்கில்லை. அந்த உணவகத்துக்கு யாராவது பச்சை மீன் சாப்பிடக் கிளம்பினால், கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்.

தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாதவள், என்னை மட்டும் அப்படியே நம்பினாள். அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நம்பிக்கைதான். அதை வைத்துக்கொள்ள எனக்கு அருகதை இல்லை, திருப்பிக் கொடுக்க அவளும் இல்லை.