ஆறாம் பாகத்தில் ஒட்டிய சிவப்பு அம்புகள்

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன்; மூன்று பேர் இருக்கிறார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் பனியன் கம்பெனியில் முப்பது வருசம், துணியில் பழுது தேடும் செக்கிங்கில் இருந்தவள். என் நம்பர் பதினேழு. பதினேழு போட்டு அனுப்பிய பெட்டியிலிருந்து ஒரு பீஸ்கூடத் திரும்பி வந்ததில்லை. நல்ல பீஸை நான் தள்ளியதும் இல்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது மகன் நிட்டிங் மெஷின் பிட்டர். சின்ன வயதில் கால் ஒடிந்தவன். படியேறினால் இரண்டு அடி வைப்பான், நிற்பான், பிறகு ஓர் அடி. நல்லூருக்கு வண்டியில் போனவன் திரும்பவில்லை. அவன் மனைவி தென்காசிப் பக்கத்துப் பெண், பள்ளிக்கூடத்தில் வயலின் சொல்லிக்கொடுக்கிறாள். அவளும் அவள் மகளும் நானும் மண்ணரையில் ஒரே வீட்டில் இருக்கிறோம். கீழே நாலு மெஷின் ஓடும் யூனிட், மேலே நாங்கள்.

அவன் இறந்து ஒரு வருசம் ஆனதும் மருமகள் ஒன்றை எழுதத் தொடங்கினாள். ஏழு பாகம். பாட்டு கிடையாது, வாத்தியம் மட்டும். வேறு ஐந்து பேர் வாசிக்க வேண்டும். தை மாதத்துக்கு மண்டபமும் சொல்லியாகிவிட்டது. மெஷின் இரைச்சலில் அவளுக்கு எழுத ஓடாது. மாசம் ஒருநாள் பகலில் கரண்டை நிறுத்துவார்கள் அல்லவா, அன்றைக்குத்தான் எழுதியதை முழுசாக வாசித்துப் பார்ப்பாள்.

"நீங்க கேட்டுச் சொல்லுங்க அத்தை. சத்தத்துலயே ஊசி உடைஞ்சதைக் கண்டுபிடிப்பீங்கன்னு அவங்க சொல்லுவாங்க."

"பனியனுக்கும் பிடிலுக்கும் என்ன சம்பந்தம் அம்மணி?"

"ரெண்டுலயும் ஒரு கண்ணி விட்டா கடைசி வரைக்கும் ஓட்டைதான்."

சிரித்துக்கொண்டே என் பழைய டப்பாவிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து வந்தாள். பழுது உள்ள துணியில் நாங்கள் ஒட்டுவது. அவள் வாசிப்பாள், இடறுகிற இடத்தில் நான் விரலைத் தூக்குவேன், அவள் தாளில் அம்பை ஒட்டுவாள். மூன்று பாகம் இப்படியே முடிந்தது. நான் தூக்கிய இடமெல்லாம் நிஜமாகவே பழுது.

நாலாம் பாகத்தில் அடித்தந்தியை விரலால் சுண்டினாள். இரண்டு, ஒரு நிறுத்தம், ஒன்று. அவள் கை நின்ற பிறகும் வெளியே படியில் இரண்டு, ஒரு நிறுத்தம், ஒன்று கேட்டது.

எழுந்து போய்ப் பார்த்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. கீழிருந்து பறந்து வந்த பஞ்சுத் தூசி படிகளில் படிந்தது படிந்தபடி இருந்தது. யாரும் மிதிக்கவில்லை.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல கண்ணு. பூனையாட்ட இருக்குது."

அடுத்த மாசம் ஐந்தாம் பாகம். காலடி பாதிப் படி வரைக்கும் வந்தது. ஆறாம் பாகத்தில் கடைசிப் படி. கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்ட மாதிரி இருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. அங்கே யாருமில்லை.

ஏழாவதும் முடிந்துவிட்டால் இந்தச் சத்தம் இனி வராது என்று எனக்குத் தோன்றியது. பழுதே இல்லாத இடத்தில் விரலைத் தூக்கினேன்.

அவள் திருத்தினாள். மறுபடி தூக்கினேன். மூன்று மாசம் இதே கதை. அந்தத் தாளில் அம்பு ஒட்ட இடமில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் வந்து வாசலில் நின்றான். அவளோ இளைத்துப்போனாள். சோறு தட்டிலேயே காய்ந்தது. மார்கழியும் பிறந்துவிட்டது. ஒருநாள் வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"எனக்கு வராது போல அத்தை. மண்டபத்துல வேண்டாம்னு சொல்லிடுதேன்."

"அதெல்லாம் வேண்டாஞ்சாமி."

"பின்ன என்ன செய்ய? எங்க தப்புன்னே தெரியலையே."

முப்பது வருசம் காப்பாற்றிய பேர் போனால் போகட்டும். "துணியில தப்பு இல்லீங்க அம்மணி. செக்கர்கிட்டத்தான் தப்பு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"எத்தனாவது படியில நிக்காங்க?"

இவளுக்கும் கேட்டிருக்கிறது. "கடேசிப் படி" என்றேன்.

தலையை ஆட்டினாள். அம்புகளை ஒவ்வொன்றாக உரித்தாள். அந்த மாசம் கரண்ட் நிற்கும் நாளுக்குள் ஏழாம் பாகத்தை எழுதி முடித்திருந்தாள். கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வாசித்தாள். காலடி கடைசிப் படியில் நின்றது. பிறகு உள்ளே வந்தது. இரண்டு, நிறுத்தம். மூன்றாவது அடிக்காக இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். அப்போது கரண்ட் வந்தது. தெரு முழுக்க மெஷின்கள் ஒன்றாக இரைந்தன. அந்த ஓர் அடி விழுந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கடைசித் தாளை வாங்கிப் பதினேழு என்று போட்டுக்கொடுத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் கடைசிப் படியில் மட்டும் தூசி இல்லை. யார் கூட்டியது என்று நான் கேட்கவில்லை.

தை மாதம் மண்டபத்தில் ஐந்து பேரும் வாசித்தார்கள். அதே இரண்டு, நிறுத்தம், ஒன்று. காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். வெறும் தந்திதான். என் பக்கத்தில் மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

இதை எழுத எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. பேத்தி இப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கிறாள்.

"இங்க வா கண்ணு, அப்பாயி எழுதுனத வாசிச்சுக் காட்டு. நான் பண்ணுன தப்பு வர்ற எடத்துல கொரலக் கொறச்சுப்போடாத."