இன்னொரு வெள்ளிக் கழுத்து

மொதல்ல கழுத்துல கேன்சர் கட்டி வந்தப்போ, மாதாவுக்கு வெள்ளியில கழுத்து மாரி உரு வாங்கி வைக்கிறேன்னு வேண்டிக்கினேன். ஆபரேசன் ஆயி நல்லாச்சி, வச்சிட்டேன். வச்ச அன்னிக்கு நல்ல மழ, செருப்பு வேற காணாப்போச்சி. இப்போ அதே எடத்துல திரும்ப உருண்டையா கைக்குத் தட்டுப்படுது. ஸ்கேன் எடுத்தாச்சி, ரிசல்ட்டு வரல.

"இன்னொரு உரு வேண்டிக்கய்யா"ன்னா வூட்டுக்காரி.

"வேண்டிக்கினா, வந்துடுச்சின்னு நானே ஒத்துக்கினா மாரி ஆவாதா?"

"அப்போ வேண்டிக்காத."

"மாதா கோச்சிக்கினா?"

"அவங்க இன்னா உன்னாட்டமா, எதுக்கெடுத்தாலும் கோச்சிக்க?"

நேத்து சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேசன்லருந்து ஷேர் ஆட்டோல வந்தேன். வழியில மாதா கோயில் வந்துச்சி. சிலுவ போட கையத் தூக்கினேன். அது கழுத்தாண்ட போயி தடவிக்கினே நின்னுடுச்சி. இன்னா கேக்கறதுன்னு நான் ரோசன பண்றதுக்குள்ள ஆட்டோ கோயிலத் தாண்டிடுச்சி.