காது எட்டும் முன்னே

எனக்கு எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். எழுத்தும் கோணும், நினைவும் அங்கங்கே அறுந்துபோகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எதிர்வீட்டு வாண்டு இன்று முதன்முதலாக எல்.கே.ஜி. போயிற்று. புதுப் பையின் ரெக்சின் வாசனை எங்கள் வாசல்வரை வந்தது. "காத தொடு பாப்போம்" என்று என் கையைத் தலைக்குமேல் வளைத்துக் காட்டினேன். அதன் அம்மா, "என்ன ஆயா, யோகாவா?" என்றாள்.

எங்கள் காலத்தில் அதுதான் வயதுச் சான்று. கை தலையைச் சுற்றிப்போய் மறுபக்கக் காதைத் தொட்டால் பள்ளிக்கூடம். எட்டாவிட்டால் அடுத்த வருஷம். எனக்கு எட்டியது. என்ன பிரயோசனம்? கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாயே திறக்காமல் ஐந்தாவதை முடித்தேன்.

கல்யாணமாகியும் கூச்சம் போகவில்லை. குரும்பலூருக்கு முன்னால், வாய்க்கால் பாலத்தருகே வீடு. பஸ்ஸில் வேறு யாராவது அங்கே இறங்கினால் நானும் இறங்குவேன். இல்லையென்றால் ஊர்வரை போய்த் திரும்பி நடப்பேன். கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்ல நா எழாது.

மகளும் அப்படியே, யாரைக் கண்டாலும் என் முந்தானைக்குள். பெரம்பலூரில் ஒரு டீச்சர் பழைய அரிசி மில்லில் சொந்தமாக நர்சரி தொடங்கியிருந்தார். மூன்றரை வயதில், எப்படியோ துணிந்து, அங்கே சேர்த்துவிட்டேன். அரியலூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். "காதே எட்டல, அதுக்குள்ள கான்வென்டா? தீவாளி வரைக்கும் பாப்பேன். வாயத் தொறக்கலன்னா நிப்பாட்டிப்புடுவேன்."

அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்? தவிட்டு வாசனை அடிக்கும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பஸ் விளையாட்டு! டீச்சர் முன்னே போக, பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு சுற்றினார்கள். இறங்க வேண்டுமானால், கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தச் சொல்வாரே, அதுபோல "ஹோல்டான்!" என்று கத்த வேண்டும். எல்லோரும் கத்திக் கத்தி இறங்கிவிட்டார்கள். என் மகள் மட்டும் டீச்சர் சேலையைப் பிடித்தபடி சுற்றிக்கொண்டே இருந்தாள். டீச்சர் அதட்டவில்லை, கூடவே சுற்றினார். தாயைப் போலப் பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள்?

தீபாவளிக்கு முந்தின வாரம், மகளைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் திரும்பினேன். பாலம் வந்தது, பஸ்ஸில் ஒருவரும் அசையவில்லை. வழக்கம்போல ஊருக்குப் போய் நடக்க வேண்டியதுதான் என்று இருந்தேன். என் மடியிலிருந்து "ஹோல்டான்!" என்று ஒரு கத்தல். டிரைவர் நிறுத்தியேவிட்டார்.

"யாருப்பா அது, எம் பொழப்புல கை வெச்சது?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நான் குனிந்த தலை நிமிராமல் இறங்கினேன். மகள் அவருக்கு டாட்டா காட்டினாள்.

சேதி கேட்ட வீட்டுக்காரர், "அவ போவட்டும். ஒன்னையும் அதே கிளாசுல சேத்துவுட்டுர்றேன்" என்றார்.

காது எட்டட்டும் என்று வைத்திருந்தால் அந்தக் குரல் வந்திருக்குமா? இன்னும் யோசிக்கிறேன். மூன்றரை வயதில் கூச்சம் இறுகியிருக்காதோ என்னவோ.

மில் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கேலி பேச வீட்டுக்காரரும் இல்லை. வாண்டுகளை வேன் வாசலிலேயே இறக்கிவிடுகிறது. யாரும் கத்த வேண்டியதில்லை.

ஒரு சந்தேகம். வலக்கையால் இடக்காதா, இடக்கையால் வலக்காதா? இரண்டையும் செய்து பார்த்தேன், இரண்டுமே எட்டுகிறது. அந்த வீட்டை விட்டு வந்து பல வருஷமாயிற்று, பாலத்தருகே இன்னும் பஸ் நிற்கிறதா என்பதும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.