கஜாலினியின் சிங்கள வகுப்புக்கு ஆள் சேர்ந்த விதம்

கஜாலினிக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு. அவளுடைய அப்பா பதுளையில் கடை வைத்திருந்தவர். பக்கத்துக் கடைப் பிள்ளைகளோடு சண்டை பிடித்தே அவள் அந்த மொழியைப் பழகினாள். யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் சொந்த ஊரான சரவணைக்குத் திரும்பிய பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். திட்டம் முடிந்தது என்று அவர்கள் ஒருநாள் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் போனார்கள். கையில் மிஞ்சியது அந்தச் சிங்களமும் ஒரு பழைய மடிக்கணினியும்தான். சரி, வளர்ந்த ஆட்களுக்கு இணையத்தில் பேச்சுச் சிங்களம் படிப்பிப்போம் என்று இறங்கினாள்.

படிப்பிப்பது சுலபம். படிக்க ஆள் பிடிப்பதுதான் நாய்படாத பாடு.

சித்தப்பாவின் மகன் சசிகரன் யாழ்ப்பாணத்தில் கடைகளுக்குப் பேஸ்புக் விளம்பரம் செய்துகொடுப்பவன். "கொஞ்சக் காசு போட்டாலே காணுமக்கா. தமிழாக்கள் எல்லாருக்கும் காட்டச் சொல்லிப் போடுவம்" என்றான். சேலைக்கென்று வைத்திருந்த காசை எடுத்துக் கொடுத்தாள்.

விளம்பரம் ஓடத்தான் செய்தது, ஓடவேண்டிய பக்கம் ஓடவில்லை. தமிழாட்கள் எல்லாரும் என்றால் ரொறன்ரோவில் பனி வழிப்பவரும் பாரிஸில் கோப்பை கழுவுபவரும் அடக்கம்தானே? முதல் கேள்வி கனடாவிலிருந்து, செல்வரத்தினம் என்ற பெரியவரிடமிருந்து வந்தது.

"பிள்ளை, நீர் சரவணையிலை ஆற்றை மகள்?"

அடுத்ததாக வகுப்பைப் பற்றிக் கேட்பார் என்று நம்பி, அப்பாவின் பெயரை எழுதினாள்.

"பதுளைக் கடைக்காரரோ? அவற்றை தமையன் இப்ப எங்கை?"

அதற்கு லண்டனிலிருந்து இன்னொருவர் பதில் போட்டார்: "அவர் மோசம் போட்டார் அண்ணை."

பெரியப்பா காலமாகி ஒன்பது வருடம். ஆனாலும் அடுத்தநாள் காலையில் அவள் எழும்பிப் பார்த்தபோது, விளம்பரத்தின் கீழே செத்தவீடு களைகட்டியிருந்தது. கும்பிடும் கைகளும் அழுகிற முகங்களுமாக ஒரே நிரை. சிங்களம் படிக்க ஒரு குருவிகூட வரவில்லை.

சசிகரனுக்குத் தொலைபேசி எடுத்தாள். "நிறைய ஆக்கள் பாக்கினம்தானே அக்கா, உது நல்லம்" என்றான் அவன்.

"என்ன நல்லம்? பெரியப்பாவுக்கு ரெண்டாந்தரம் செத்தவீடு செய்யவோ நான் காசு கட்டினனான்?"

மிச்சக் காசில், தீவுப்பகுதி ஆட்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி இன்னொரு விளம்பரம் போட்டார்கள். யாரோ அதைப் பகிர்ந்திருக்க வேண்டும். செல்வரத்தினம் அங்கும் வந்துவிட்டார்.

"கொம்மா எந்த ஊர், பிள்ளை?"

கஜாலினி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். செதில் ஒட்டிய விரலால் அப்படியே எழுதினாள்: "அப்பா சரவணை, அம்மா நயினாதீவு. பூட்டன்ரை பேரும் வேணுமெண்டால் சொல்லுறன். உதெல்லாம் தெரிஞ்சால் சிங்களம் வந்திடுமோ ஐயா? படிக்கிற ஆக்கள் மட்டும் கதையுங்கோ. மற்ற ஆக்கள் போய்ப் படுங்கோ!"

கையைக் கழுவியதும் நெஞ்சு சுட்டது. வயதான மனிதரை இப்படிப் பேசிவிட்டோமே என்று அழிக்கப் போனாள். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. அவள் எழுதியதைப் படம் பிடித்து, அல்லைப்பிட்டியிலிருந்து நெடுந்தீவு வரைக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செல்வரத்தினத்திடம் தனியாக மன்னிப்புக் கேட்டாள். அவர் கோபிக்கவில்லை. "நயினாதீவிலை எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார்.

அன்று பின்னேரமே அழைப்புகள் தொடங்கின. "நீங்கள்தானோ அந்த ஏசின ரீச்சர்? வகுப்பு எப்ப?" வெட்கத்தோடு ஒவ்வொருவரையும் சேர்த்துக்கொண்டாள். சசிகரனுக்குத் தலைகால் புரியவில்லை. "கிழமைக்கு ஒருக்கால் ஆரையாவது ஏசுங்கோ அக்கா. விளம்பரமே தேவையில்லை!" அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

ஞாயிறு பின்னேரம் முதல் வகுப்பு. ஒலிவாங்கியை மூடச் சொல்லி அவள் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கோழி கொக்கரித்தது, யாரோ தேங்காய் துருவினார்கள். நயினாதீவு விகாரைக்கு வரும் சிங்களச் சனத்துக்குப் பனங்கட்டி விற்கிற ஜெயந்தா, ஒரு வசனத்தைக் கேட்டு வாங்கினாள். "அத ஹதபுவா, இண்டைக்குச் செய்தது" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நெடுந்தீவில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஓட்டோ ஓடுகிற றொபின்சனுக்கு, ஏறுகிறவர்களை அமரச் சொல்லும் "இருங்கோ" என்பதற்கு என்னவென்று தெரியவேண்டியிருந்தது.

"வாடி வென்ன" என்றாள் கஜாலினி.

றொபின்சன் திரும்பிக் குசினிப் பக்கம் பார்த்தார்.

"சொல்லும்."

"முன்பின் தெரியாத பொம்பிளையளை நான் எப்பிடி ரீச்சர் வாடி எண்டுறது?"

"அது சிங்களம்! மரியாதையான சொல்லு!"

"வாங்கோ எண்டு தொடங்கிற மாதிரி வேறை ஒண்டும் இல்லையோ?"

கஜாலினி தலையில் கை வைத்தாள். வகுப்பு முழுக்கச் சேர்ந்து வற்புறுத்த, அவர் ஒருவழியாகத் துணிந்து, "வாடி" என்று உரத்தே சொல்லிவிட்டார். அவருடைய வீட்டுக்குள்ளே ஒரு சட்டி விழுந்தது.

"ஆரை உங்கை வாடி எண்டுறியள்?" என்றது ஒரு பெண் குரல். றொபின்சனின் திரை இருண்டது.

கொஞ்ச நேரத்தில் அவர் திரும்ப வந்தார். பக்கத்தில் கதிரை போட்டு மனைவியும் இருந்தாள். "இவரை நம்ப ஏலாது ரீச்சர். நானும் இருந்து படிக்கிறன்."

இரண்டாவது ஆளுக்குக் கட்டணம் கேட்பதா விடுவதா என்று யோசித்துப் பார்த்துவிட்டு, கஜாலினி பெருமூச்சோடு அடுத்த வசனத்துக்குப் போனாள்.