நான் சொன்ன ‘நோ ப்ராப்ளம்’

2009-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். லண்டனில் எட்மண்டன் பக்கம் இருந்தோம். என் மாமனாருக்கு முள்ளந்தண்டு தேய்ந்து தாங்க முடியாத வலி. ஆஸ்பத்திரியில் காலையும் மாலையும் விழுங்க மார்ஃபின் வகையைச் சேர்ந்த வலிக் குளிசை, அதாவது மாத்திரை, கொடுத்திருந்தார்கள். கணவருக்கு ஷிப்ட் வேலை என்பதால், மாமாவுக்கு மொழிபெயர்க்க நான்தான் கூடப் போவேன்.

எங்கள் தெருவில் யாருக்குக் கவுன்சில் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்றே சொல்லவேண்டும்.

அன்று டாக்டரம்மா எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியாக, "மலம் ஒழுங்காகப் போகிறதா? இந்தக் குளிசை கட்டிப்போடும். சிரமம் என்றால் சொல்லுங்கள், வேறு புதுக் குளிசை இருக்கிறது" என்றார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. மருமகள் மாமனாரிடம் கேட்கிற கேள்வியா அது? மாமாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நோ ப்ராப்ளம்" என்று நானே சொல்லிவிட்டேன். டாக்டரம்மாவும் எழுதிக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது, நாசூக்காகச் சமாளித்துவிட்டேன் என்ற திருப்தி வேறு.

அதன் பிறகு மாமாவின் வலி கூடிக்கொண்டே போனது. உட்காரவே மாட்டார். ஹீட்டரில் முதுகைச் சாய்த்து நின்றபடியே தேநீர் குடிப்பார், நின்றபடியே செய்தி பார்ப்பார். கேட்டால், "பரவாயில்லை பிள்ளை" என்பார். வயதானவர், வலி இருக்கத்தானே செய்யும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து அவருடைய குளிர்க் கோட்டைத் துவைக்க எடுத்தேன். பையில் டிஷ்யூவில் சுற்றிய குளிசைகள். காலைக் குளிசையை விழுங்கிவிட்டு, மாலைக் குளிசையை ஒளித்துவைத்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது.

"ஏன் மாமா குடிக்கேல்லை? நோவு குறையாட்டி டாக்டர் என்னையெல்லே கேட்பா?"

அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "ரெண்டும் குடிச்சால் எட்டு நாளானாலும் கக்கூசுக்குப் போக ஏலாது பிள்ளை. வயிறு கல்லாக் கிடக்கும். அதைவிட முதுகு நோவு பரவாயில்லை."

"அண்டைக்கு டாக்டர் அதைத்தானே கேட்டவ. சொல்லியிருக்கலாமே?"

"நீர் நோ ப்ராப்ளம் எண்டு சொன்னனீர். அந்தளவு இங்கிலீசு எனக்கும் விளங்கும். அதுக்குப் பிறகு நான் எப்பிடி வாய் திறக்கிறது?"

குளிசைகளைத் திரும்ப டிஷ்யூவில் சுற்றினேன். அவமானத்தில் அழுகைகூட வரவில்லை.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம், போன தடவை பதில் சொன்னது மாமா அல்ல, நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் புதுக் குளிசையைப் பற்றி விளக்கினார். வலிமருந்தோடு, அந்த மருந்தையே தடுக்கிற இன்னொரு மருந்தும் சிறிய அளவில் அதில் சேர்ந்திருக்கிறதாம். இது என்ன கூத்து, கொடுப்பதும் தடுப்பதும் ஒன்றாகவா என்று நினைத்தேன். தடுக்கிற மருந்து குடலில் மட்டும் வேலை செய்து மலம் கட்டாமல் பார்த்துக்கொள்ளும், குடலைத் தாண்டிப் போகும் அதன் மிச்சத்தைப் பெரும்பாலும் ஈரல் அழித்துவிடும், அதனால் மூளைக்குப் போகிற வலிமருந்தை அது தொடாது என்றார். இந்த முறை ஒரு சொல் விடாமல் மாமாவுக்குச் சொன்னேன். "எத்தனை நாளைக்கு ஒருக்கால் போறீங்கள் மாமா?" என்று நேராகவே கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

புதுக் குளிசை அவருக்கு ஒத்துக்கொண்டது. சில வாரங்களில் மாமா சோபாவில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். "ஓம் பிள்ளை, இப்ப சுகம்" என்றார்.

இப்போதும் பலருக்கு மொழிபெயர்க்கப் போகிறேன். எந்தக் கேள்வியானாலும் அவர்களிடம் கேட்காமல் பதில் சொல்வதில்லை. ஆனால் யாராவது என் ஆங்கிலத்தைப் புகழ்ந்தால், என் கூச்சத்துக்காக ஒரு மனிதர் ஆறு வாரம் ஹீட்டரோடு நின்றது ஞாபகம் வந்து தலை குனிந்துவிடுகிறது.